யார் பெயரில் அந்த விடுப்பு?

2025 ஜூலையில் ஒரு மதிய நேரம். சிங்கப்பூரில் எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பி ஒருவர், பாதுகாப்புத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நிறுவனத்தில் விடுப்புக் கணக்கும் சம்பளக் கணக்கும் என் பொறுப்பு. அவர் மனைவிக்கு எட்டாம் மாதம். கையில் நான்காக மடித்த தாள்.

"அக்கா, பகிர்வு விடுப்பு ஆறு வாரம்னு போட்டிருக்கே, அது அவளுக்கா எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் தம்பி. நீங்க எதுவும் மாத்தலைன்னா ஆளுக்கு மூணு வாரம்."

சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் முகத்தில் தெரிந்தது. "அப்பா விடுப்பே நாலு வாரம் இருக்கு. அதுக்கு மேல மூணா? எங்கம்மா வேற தஞ்சாவூர்ல இருந்து வர்றாங்க. நான் வீட்ல இருந்து என்னக்கா செய்யப் போறேன்?"

சிரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பல நாடுகள் ஐம்பது ஆண்டுகளாகச் சட்டம் போட்டும் காசு கொடுத்தும் பதில் தேடுவது அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான். பிள்ளை பிறந்ததும் சம்பள வேலையிலிருந்து யார் விலகுவது, பிள்ளையை யார் பார்ப்பது, அதை உண்மையில் யார் முடிவு செய்கிறார்கள்? புதிதாக அப்பா அம்மா ஆகப் போகிறவர்களுக்கும், அவர்களுக்கு அறிவுரை சொல்லக் காத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதைக் கொஞ்சம் விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். எட்டு என்றே வைத்துக்கொள்வோம். பால் கொடுத்து, ஏப்பம் வர முதுகைத் தட்டி, துணி மாற்றி, மறுபடி தூங்க வைக்க ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். அதிலேயே ஆறு மணி நேரம் போய்விட்டது. குளிப்பாட்டுவதும் துவைப்பதும், காரணம் தெரியாமல் அழும்போது தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பதும் தனி. பிள்ளை பிறந்த அன்று வீட்டுக்குள் ஒரு முழுநேர வேலை புதிதாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு இரவு ஷிஃப்ட் உண்டு, ஓய்வு நாள் கிடையாது. அதே நாளிலிருந்து செலவும் ஏறுகிறது. வீட்டுக்குள் ஆள் தேவைப்படும் நேரத்தில்தான் வெளியிலிருந்து காசும் அதிகம் தேவைப்படுகிறது.

இதைச் சமாளிக்க வழி மூன்றுதான். ஒருவர் சம்பாதிக்க, ஒருவர் வீட்டில் இருக்கலாம். இருவரும் இரண்டையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் மூன்றாவது ஆளைக் கொண்டுவரலாம்: பாட்டி, அத்தை, பணிப்பெண், பராமரிப்பு நிலையம். எந்த ஊரைப் பார்த்தாலும் இந்த மூன்றும் கலந்துதான் இருக்கும். எது எவ்வளவு என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

அந்த அளவைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். விடுப்பு மனுக்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான வீடுகளில் அப்படிப் பேச்சே நடப்பதில்லை. பேசுவதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அது எப்படி என்பதுதான் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

தாய்வீட்டுப் பிரசவம்

நம் பழைய ஏற்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு. வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். முதல் பிரசவம் அங்கேதான். பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம், எண்ணெய்க் குளியல், நல்ல ஓய்வு. குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபிறகு, நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். இடையில் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

இது நம்மூர் வழக்கம் மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். ஜப்பானிலும் அச்சு அசலாக இதேதான். பிரசவத்துக்காகப் பிறந்த வீட்டுக்குத் திரும்புவதை 'சத்தோகயேரி' என்கிறார்கள். அங்கேயும் அம்மா சமைத்துப் போடுவார், அங்கேயும் கணவன் நகரத்தில் தனியாக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான்.

அம்மாவின் உடம்பு தேற இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் யாரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது. பிள்ளை வளர்ப்பது பிறவிக் குணம் என்று நாம் பேசினாலும், அது முக்கால்வாசி கைப்பழக்கம். பசிக்கு அழுகிற அழுகை எது, தூக்கத்துக்கு அழுகிறது எது என்பது முதல் பிள்ளையின் அம்மாவுக்கும் முதல் வாரத்தில் தெரியாது. நூறு தடவை தவறாகப் புரிந்துகொண்டு, நூற்றியோராவது தடவை கற்றுக்கொள்கிறாள். அந்த நூறு தடவையும் அப்பா வேறு ஊரில் இருந்தார், அல்லது வேலையில் இருந்தார். மூன்று மாதம் கழித்து ஒரே வீட்டில் மூவரும் சேரும்போது அவள் தேர்ந்தவள், அவர் கற்றுக்குட்டி. அவர் தூக்கினால் பிள்ளை வீறிடுகிறது. "கொடுங்க, நானே பார்த்துக்கிறேன்." அடுத்த இருபது ஆண்டுகளுக்கான வேலைப் பங்கீடு அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. மகன் பிறந்தது 2010ல். எனக்கு 16 வாரம் மகப்பேறு விடுப்பு. தந்தையர் விடுப்பு என்ற ஒன்று சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்போது இல்லை. வருடாந்திர விடுப்பில் மூன்று நாள் எடுத்தார் என் கணவர். நான்காம் நாளும் கேட்டபோது, "பிள்ளை பெத்தது அவங்களா, நீயா?" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அந்த ஆளையும் பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் யோசித்தது. என் அம்மா அங் மோ கியோவிலிருந்து வந்து முப்பது நாளும் என்னையும் பிள்ளையையும் அறையை விட்டு அதிகம் வெளியே விடவில்லை. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கும் சாமான் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று என் கணவர் இன்றைக்கும் என்னைத்தான் கேட்கிறார். பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

காசுக் கணக்கு

இன்னொரு பாதி முடிவு சம்பளச் சீட்டில் எடுக்கப்படுகிறது. ஒரு உதாரணத்துக்கு, கணவனுக்கு மாதம் 5,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மனைவிக்கு 4,000 வெள்ளி. யாராவது ஒருவர் வேலையை விட்டாக வேண்டும் என்றால் எந்த வீட்டிலும் 4,000ஐத்தான் விடுவார்கள். பஞ்சாயத்தே தேவையில்லை. பொதுவாக நம் பக்கம் மாப்பிள்ளை இரண்டு மூன்று வயது மூத்தவர், அதனால் இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் சம்பள உயர்வும் அவருக்கு அதிகம். இந்த வித்தியாசம் திருமணத்தன்று யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. பிள்ளை பிறந்ததும் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டு முடிவும் சரிதான். எல்லா வீடும் சேர்ந்து ஒரே பக்கம் சாயும்போதுதான் அது சமூகத்தின் வழக்கமாகிறது.

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு: பிள்ளைத் தண்டம். டென்மார்க்கின் பல்லாண்டுச் சம்பளப் பதிவுகளை ஹென்ரிக் கிளெவன் என்ற பொருளாதார அறிஞரும் அவர் சகாக்களும் ஆராய்ந்தார்கள். முதல் பிள்ளை வரும்வரை ஆண்கள், பெண்களின் வருமானக் கோடுகள் பக்கத்துப் பக்கத்திலேயே போகின்றன. பிள்ளை பிறந்ததும் பெண்ணின் கோடு சடாரென்று இறங்குகிறது; ஆணின் கோட்டில் ஒரு அசைவும் இல்லை. பல ஆண்டுகள் ஆன பிறகும் அவள் சுமார் 20 விழுக்காடு பின்தங்கியே நிற்கிறாள். இத்தனைக்கும் டென்மார்க், அம்மாக்களுக்கு வசதி செய்து கொடுப்பதில் பெயர்பெற்ற நாடு.

2023ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதற்கு இன்னொரு காரணம் சொல்கிறார். சில வேலைகள் பேராசை பிடித்தவை. வாரம் நாற்பது மணி நேரத்துக்கு ஒரு சம்பளம் என்றால், அறுபது மணி நேரமும் ராத்திரித் தொலைபேசி அழைப்பும் தருகிறவருக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலேயே கிடைக்கும். அப்படிப்பட்ட வேலையில் இருவருமே இருந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பராமரிப்பு நிலையத்திலிருந்து அழைக்கும்போது ஓடுவதற்கு ஆள் இல்லை. அதனால் ஒருவர் பேராசை பிடித்த வேலையில் தொடர்கிறார், மற்றவர் ஓடக்கூடிய வேலைக்கு இறங்குகிறார். இறங்குவது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பளுதூக்கும் வீரரின் கையில் ஒரு குழந்தை

சரி, சட்டம் போட்டு இதை மாற்ற முடியுமா? முதலில் முயன்று பார்த்தது ஸ்வீடன். 1974ல் மகப்பேறு விடுப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டு, பெற்றோர் விடுப்பு என்று இருவருக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். உங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என்ன ஆனது? அந்த ஆண்டு ஆண்கள் எடுத்தது மொத்த நாள்களில் 1 விழுக்காடுகூட இல்லை.

வெட்கப்படுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அரசாங்கம் விளம்பரம் செய்தது. 1978ல் வெளிவந்த சுவரொட்டி ஒன்று அங்கே மிகப் பிரபலம். லெனார்ட் டால்கிரென் என்ற பளுதூக்கும் வீரர், மலை மாதிரி உடம்பு. அந்தப் பெரிய கையில் ஒரு பொடிக் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு சிரிக்கிறார். இவரே விடுப்பு எடுக்கும்போது உனக்கென்ன என்பது சேதி. படத்தை எல்லோரும் ரசித்தார்கள். விடுப்பைத்தான் அதிகம் பேர் எடுக்கவில்லை.

நிலைமையை மாற்றியது பிரசாரத்தைவிடச் சின்ன விஷயம். பக்கத்து நாடான நார்வே 1993ல் நான்கு வாரத்தைத் தனியாகப் பிரித்து அப்பாவின் பெயரில் எழுதிவைத்தது. மனைவிக்கு மாற்ற முடியாது. எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் போச்சு. அதற்கு முன் விடுப்பு எடுத்த அப்பாக்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை; சில ஆண்டுகளுக்குள் பத்துக்கு ஏழு பேர் எடுக்க ஆரம்பித்தார்கள். ஸ்வீடனும் 1995ல் ஒரு மாதத்தை ஒதுக்கியது, 2002ல் இரண்டாக்கியது, 2016ல் மூன்றாக்கியது. இன்று அங்கே ஒரு பிள்ளைக்கு 480 நாள். அதில் ஆளுக்கு 90 நாள் மாற்றமுடியாதது. அப்பாக்கள் எடுக்கும் பங்கு சுமார் 30 விழுக்காட்டுக்கு வந்திருக்கிறது. ஜெர்மனி 2007ல் இதே உத்தியைக் கையாண்டது: இரண்டாமவரும் எடுத்தால்தான் கடைசி இரண்டு மாதக் காசு. நூற்றில் மூன்று நான்கு பேராக இருந்தது, சில ஆண்டுகளில் இருபதைத் தாண்டியது.

ஏன் இப்படி? இதை விளக்க எனக்குப் பொருளாதாரம் வேண்டாம், என் மேசையே போதும். பொதுவில் இருக்கும் விடுப்பை ஒரு ஆண் எடுத்தால், மனைவியின் நாள்களை எடுத்துக்கொள்கிறான் என்று அவனுக்கே தோன்றும். முதலாளிக்கும் "அவங்க எடுக்கட்டுமே, நீ எதுக்கு?" என்று கேட்க இடம் இருக்கிறது. அவன் பெயரில் இருந்து, எடுக்காவிட்டால் வீணாகும் விடுப்பென்றால் பேச்சே வேறு. நம் ஆள்கள் எதை விட்டாலும் காலாவதியாகப் போகும் சலுகையை விடமாட்டார்கள்!

பெயரில் எழுதிவைத்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் அப்பாவுக்கும் ஓராண்டு வரை விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. காகிதத்தில் உலகத்திலேயே தாராளமான ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் 2012ல் அதைப் பயன்படுத்திய ஆண்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. சக ஊழியர்கள் தலையில் வேலையைக் கட்டிவிட்டுப் போகிறான் என்ற பேச்சுக்குப் பயந்தார்கள். 2020ல் அமைச்சர் ஷின்ஜிரோ கொய்சுமி, மொத்தம் இரண்டு வார விடுப்பை மூன்று மாதத்தில் பிரித்துப் பிரித்து எடுத்தது அங்கே பெரிய செய்தியானது. அமைச்சர் இரண்டு வாரம் எடுப்பது செய்தியென்றால் சாதாரண ஊழியனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிறகு நிறுவனங்களே ஊழியரிடம் போய் 'எடுக்கிறீர்களா?' என்று கேட்டாக வேண்டும் என்று விதி வந்தது. 2023 நிதியாண்டில் எண்ணிக்கை 30 விழுக்காட்டைத் தொட்டது. பிரிட்டனில் வேறு கதை: 2015லிருந்து பகிர்வு விடுப்பு இருக்கிறது, ஆனால் அதற்குக் கிடைக்கும் காசு வாடகைக்கே காணாது. யாரும் சீண்டுவதில்லை. அமெரிக்காவின் தேசியச் சட்டம் 1993லிருந்து தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். இந்தியாவில் 2017லிருந்து அம்மாவுக்கு 26 வாரம் வரை, செலவு பெரும்பாலும் முதலாளி தலையில். தனியார் துறை அப்பாவுக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. கல்யாணமான இளம்பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளி ஏன் தயங்குகிறார் என்று பிறகு ஆச்சரியப்படுகிறோம்.

சிங்கப்பூரில்

இங்கேயும் இதே பாதைதான், கொஞ்சம் தாமதமாக. 2013ல் அப்பாவுக்கு ஒரு வாரம். 2017ல் இரண்டு வாரம். 2024ல் நான்கு வாரம், ஆனால் கூடுதலான இரண்டு வாரம் முதலாளி விரும்பினால்தான். 2025 ஏப்ரல் 1லிருந்து அந்த நான்கு வாரமும் கட்டாயம்.

பகிர்வு விடுப்பில்தான் சுவாரசியமான மாற்றம். பழைய திட்டத்தில் அம்மாவின் 16 வாரத்திலிருந்து நான்கு வாரம் வரை அப்பாவுக்கு எடுத்துக் கொடுக்கலாம். எத்தனை பேர் எடுத்தார்கள் தெரியுமா? நான் பார்த்தவரை என் மேசைக்கு ஒரே ஒரு மனுதான் வந்தது. உடம்பு தேறாத பெண்ணிடமிருந்து நாளைப் பிடுங்கிக்கொள்ள எந்தக் கணவனுக்கு மனம் வரும்? 2024 ஆகஸ்ட்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்த புதிய திட்டம் அம்மாவின் 16 வாரத்தைத் தொடவில்லை. தனியாக ஆறு வாரம் கூடுதலாகத் தந்தது. 2026 ஏப்ரல் 1லிருந்து அது பத்து வாரம். 16, 4, 10 எல்லாம் கூட்டினால் ஒரு வீட்டுக்கு முப்பது வாரம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விதி. பகிர்வு விடுப்பு தானாகவே ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து நிற்கும். மாற்ற வேண்டுமென்றால் பிள்ளை பிறந்த நான்கு வாரத்துக்குள் இருவரும் சேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். ஸ்வீடன், நார்வே மாதிரி 'மாற்றவே முடியாது' என்ற கண்டிப்பு இல்லை. பழைய திட்டம் மாதிரி 'அவளிடம் கேட்டு வாங்கு' என்ற சங்கடமும் இல்லை. நடுவில் நிற்கிறது. என்னைக் கேட்டால், அப்பாவின் பாதியை மாற்றவே விடக்கூடாது. ஏனென்றால் மாற்றுகிறவர்கள் எந்தப் பக்கம் மாற்றுகிறார்கள் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

காசு விஷயம்: தந்தையர் விடுப்புக்கும் பகிர்வு விடுப்புக்கும் அரசாங்கம் தருவது வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை, மத்திய சேமநிதியும் சேர்த்து. முதலாளி முதலில் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு அரசிடம் திரும்பக் கேட்டுப் பெறுவார். ஆகவே சிறு நிறுவன முதலாளி பெருமூச்சு விடுவது பணத்துக்காக இல்லை, அந்த நாள்களில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் கிடைக்கவில்லையே என்றுதான். நான்கு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற விதி அதற்காகத்தான்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இவ்வளவும் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் என்ற வெளிநாட்டு ஊழியர் அனுமதிகளில் இருக்கும் தம்பதிகள் பலர் இதைத் தெரியாமல் என்னிடம் வந்து ஏமாந்து போகிறார்கள். வேலை நியமனச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட அம்மாவுக்கு 12 வாரம்; அதில் சம்பளம் பொதுவாக 8 வாரத்துக்கு. அப்பாவுக்குச் சட்டத்தில் ஒன்றுமில்லை, நிறுவனம் மனது வைத்தால் உண்டு. நியமனக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது ஆள்

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கணவனும் மனைவியும் எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்குச் சிங்கப்பூரில் பல வீடுகள் சொல்லும் பதில்: பிரித்துக்கொள்வதில்லை, இன்னொரு பெண்ணைக் கொண்டுவருகிறோம்.

காலை ஏழு மணிக்கு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்று பார்த்தால் போதும். சிசுப் பராமரிப்பு நிலையத்தின் கதவு அங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொள்வார்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி, பாலும் துணியும் வைத்த பை, அவசர முத்தம், எம்ஆர்டி ரயில் நிலையத்தை நோக்கி ஓட்டம். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்களில் அப்பாக்கள் முன்பைவிட அதிகம். இதைப் பத்து ஆண்டாகக் கண்ணால் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி, தாத்தா பாட்டிகள் தள்ளுவண்டியோடு காப்பிக் கடைப் பக்கம். அதற்கும் அப்பால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் வேறொரு பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கும் பணிப்பெண்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்தப் பழமொழிக்கு ஒரு வேடிக்கையான விளக்கமும் உண்டு: ஊரார் பிள்ளை என்பது உன் மனைவி, பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் அவளுக்கு நீ ஊட்டினால், வயிற்றில் இருக்கும் உன் பிள்ளை தானாக வளரும். கணவன்மார்களுக்குச் சொன்ன புத்தி அது. இங்கே அந்த வேலையையும் சம்பளத்துக்கு விட்டுவிட்டோம். நம் பிள்ளைக்கு ஊட்டுகிறவளின் பிள்ளை மியன்மாரிலோ ஜாவாவிலோ திருவாரூரிலோ அவள் அம்மாவிடம் வளர்கிறது. பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாத லெவி, பிள்ளையுள்ள வீட்டுக்கு 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான் என்பதால், நடுத்தரக் குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகிறது. அவளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம்; கர்ப்பமா என்று பார்ப்பதும் அதில் அடக்கம். மகப்பேறு விடுப்பு வாரங்களை இவ்வளவு கவனமாகக் கூட்டிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்தப் பரிசோதனை உறுத்த வேண்டும். எங்கள் வீட்டிலும் நான்கு ஆண்டு ஒருவர் இருந்தார். அப்போது எனக்கு உறுத்தவில்லை.

மூன்றாவது ஆள் வந்ததும் அம்மா வேலைக்குத் திரும்புகிறாள். அது பெரிய விஷயம்தான். ஆனால் அப்பாவின் நாள் மாறுவதில்லை. பணிப்பெண்ணுக்கு வேலை சொல்வதும் தடுப்பூசித் தேதியை ஞாபகம் வைப்பதும் அம்மாவிடமே தங்கிவிடுகிறது. ஒரு பெண்ணின் வேலை இன்னொரு பெண்ணுக்குக் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா நாட்டு அப்பாக்கள்

ஆண்களுக்கு இயல்பிலேயே இது வராது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சேதி. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் 'அக்கா' என்றொரு மக்கள் இருக்கிறார்கள். பெயர் நமக்காகவே வைத்தது போலிருக்கும். பேரி ஹியூலெட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அவர்களோடு தங்கி, கடிகாரம் வைத்துக் குறித்தார். ஒரு நாளில் ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம் அப்பா பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கிறார், அல்லது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அவர்கள் வலை விரித்து வேட்டையாடுகிறவர்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை எல்லோரும் ஒன்றாகக் காட்டுக்குப் போகிறார்கள். வேலையும் பிள்ளையும் ஒரே இடத்தில்.

நமக்கும் இது புதிதில்லை. வரப்போர வேப்பமரத்தில் சேலைத் தூளி கட்டிவிட்டு நாற்று நட்டவர்கள்தானே நம் பாட்டிகள். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைகளில் இன்றைக்கும் கல்லாவுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிமேல் ஒரு பிள்ளை தூங்கும். அப்பா ஒரு காலால் தள்ளுவண்டியை ஆட்டிக்கொண்டே மாலை கட்டுவார். வேலையிடம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிப் போனதுதான் சிக்கல். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைத் தகுதிகாண் காலம் முடித்த எந்த ஊழியரும் முறைப்படி கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சம்மதிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஃபோர்க்லிஃப்ட்டை வீட்டிலிருந்து ஓட்டவும் முடியாது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது

அவரை உட்கார வைத்து ஒன்றே ஒன்று சொன்னேன். நான்கு வார அப்பா விடுப்பைப் பிரசவத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா இருக்கிறார்கள், மனைவிக்கு உதவியாக இருக்கும். ஆனால் அந்த மூன்று வாரத்தை இப்போது தொடாதீர்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உங்கள் அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு, மனைவி வேலைக்குப் போகத் தொடங்கும் திங்கட்கிழமையிலிருந்து எடுங்கள். வீட்டில் நீங்களும் பிள்ளையும் மட்டும்.

"தனியாவா?" என்றார்.

தனியாகத்தான். இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்தால், பிள்ளை அழுததும் கை தானாக அம்மாவிடம் நீளும். அப்பா கடைக்குப் போவார், பாட்டில் கழுவுவார், எடுபிடியாக இருப்பார். ஆள் இல்லாத வீட்டில்தான் அந்த நூறு தடவையும் அவர் தவறு செய்து கற்றுக்கொள்ள முடியும்.

எடுத்தார். முதல் வாரத்தில் எனக்கு இரண்டு தடவை அழைத்து, மனுவில் ஏதோ சந்தேகம் என்று சொல்லிவிட்டு, பிள்ளை ஏன் இப்படி முக்குகிறது என்று கேட்டார். இரண்டாம் வாரம் அழைப்பு இல்லை. மூன்று வாரம் முடிந்து வந்தவர், ஆறு கிலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு ஆறு டன் தூக்குவது மேல் என்று கிடங்கு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை. சாப்பாட்டு அறையில் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். தொலைபேசி அடித்தது. மனைவி. பின்னால் பிள்ளையின் அழுகை எனக்கே கேட்டது.

"புதுக் கைலியைக் கட்டினியா தொட்டில்ல?" என்றார் இவர், வாயில் சோற்றோடு. "அதுல தூங்க மாட்டான். அந்தப் பழைய கட்டம் போட்டதைக் கட்டு. கம்புல காயுது, ரெண்டாவது கம்பு. உள்ள எடு, ஈரமா இருந்தா கொஞ்சம் இஸ்திரி போட்டுக்க."

வைத்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.